பொடிசுக்கு வைத்த சூப்

பாஸ்தா சூப் வைக்க ஒரு பாத்திரம் போதும். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பிறகு சூப்பில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சூப்புக்குக் கனம் கொடுப்பதே அந்தத் தண்ணீர்தான். அதைச் சாக்கடைக்கு வார்த்துவிட்டு, சூப் நீர்த்துப்போச்சே என்று அப்புறம் கையைப் பிசைவார்கள்.

நான் வைக்கிற விதத்தைச் சொல்கிறேன். அடி கனத்த பெரிய பாத்திரம் வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு. அவை வதங்கியதும் பொடியாக நறுக்கிய காரட், உருளைக்கிழங்கு. பிறகு தக்காளி. தக்காளி குழைந்து ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. பாதிப் பேர் சூப்பைக் கெடுப்பது இந்த இடத்தில்தான், போன் மணியடித்தது என்று எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் வேகவைத்த காராமணி, தண்ணீர், உப்பு, மிளகு. தளதளவென்று கொதி வந்ததும் பாஸ்தாவை அதிலேயே போட வேண்டும். அது வேகும்போது விடுகிற மாவில் சூப் தானாகக் கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கினால் அதன் முதுகில் சூப் ஒட்டி நிற்க வேண்டும்.

என் தங்கை என்ன சாப்பிடுவாள் என்றுதானே கேட்டீர்கள். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலியில் குண்டூசி கிடந்தாலும் கிடக்கும், துணியைத் தட்டிவிட்டு உட்காருங்கள்.

அவளுக்கு வெளியில் வேறு பெயர் உண்டு. எனக்கு அவள் பொடிசு. அம்மா போனபோது அவளுக்குச் சரியாக நடக்கக்கூட வராது, நான் தாவணியெல்லாம் தாண்டி வளர்ந்து நின்றேன். அப்பாவும் அதற்கப்புறம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள், என் இடுப்பில் இருந்த பொடிசைப் பார்த்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. வந்தவர்களில் ஒருவர் முகம்கூட இன்று ஞாபகத்தில் இல்லை. பொடிசுக்கு முதல் பல் விழுந்த இடம் எது என்று கேளுங்கள், காட்டுகிறேன். அதோ, அந்தத் தையல் மிஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில்.

இந்த வீடுதான் எங்களுக்கு எல்லாம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ரப்பர் வாடை முதலில் குமட்டும், பிறகு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. நான் பழைய துணிகளைத் திருத்தித் தைக்கிறேன். இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளத்தை மடித்து அடிப்பது. உடம்பு இளைத்தவர்களும் பெருத்தவர்களும் இருக்கிறவரை எனக்குக் கஞ்சிக்குக் குறைவில்லை. வெட்டிப் போட்ட துண்டுத் துணிகளுக்கு நடுவில்தான் பொடிசு தவழ்ந்தாள், படித்தாள், வளர்ந்தாள்.

படித்து முடித்தால் ஏதாவது ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவள் போய்ச் சேர்ந்தது லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில். ஒருநாள் மதியச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போனேன். உயரமான கட்டடம். மேல் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, பெட்டி கொஞ்சம் கீழே நின்றது. அந்தப் பெட்டியின் கூரைமேல், கையெல்லாம் கிரீஸோடு, இடுப்பில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு என் பொடிசு நின்றாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். அடியே தெரியவில்லை.

"அக்கா, கீழ பாக்காதே. என்னைப் பாரு, நான் இங்கதானே இருக்கேன்" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு பகலும் என் காது தெருவில்தான் இருக்கும். தெருவில் ஏதாவது தொப்பென்று விழுந்தால் ஊசி விரலில் ஏறிவிடும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்ததெல்லாம் இந்தப் பயத்தில்தான்.

பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அதில் என் கை எதுவும் இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, நகமெல்லாம் வெளுத்துவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கம்பெனியில் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரணம் தெரியாமல் அலைந்தோம். அந்தக் காலத்தைப் பற்றி ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அது சந்தோஷமான காலம். பகல் முழுக்க அவள் இந்தக் கட்டிலில் படுத்திருப்பாள், நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ வருஷம் கழித்து அவளுக்கு மறுபடியும் நான் தலை வாரிவிட்டேன். "நீ இல்லைன்னா நான் என்னக்கா ஆவேன்" என்று ஒருநாள் என் மடியில் முகம் புதைத்துச் சொன்னாள். என் வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். படபடவென்று பேசுகிறவர், ஆனால் நல்லவர். பொடிசின் குடலுக்குக் கோதுமை ஆகாதாம். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒரு பசை அவள் குடலை உள்ளேயே அரித்துவிடுகிறதாம். மருந்து மாத்திரை எதுவும் தேவையில்லை, கோதுமையைக் கண்ணில் காட்டாவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடுவாள் என்றார். நான் வீட்டுக்கு வந்ததும் மாவு, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சூப் என்றால் உயிர். அதனால் அரிசி மாவில் செய்த பாஸ்தா எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து வாங்கி வந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை, வாயில் ரப்பரை மென்ற மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் பழைய கோதுமை பாஸ்தா ஒரு பாக்கெட் வைத்துக்கொண்டேன். பிடிக்காததைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

பொடிசு தேறிவிட்டாள். கன்னம் உப்பிற்று. பாட்டு முணுமுணுத்தாள். ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து வேலைக்குப் போட்டுப் போகிற பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நடந்தது சத்தியமாகத் தெரியாமல் நடந்தது. சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என் பாஸ்தாவை முதலில் அதில் போட்டேன், வெந்ததும் சல்லிக் கரண்டியால் அள்ளி என் கிண்ணத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு அதே கொதியில் அவளுடைய அரிசி பாஸ்தாவைப் போட்டேன். பாஸ்தா வேறு வேறாகத்தானே இருக்கிறது, தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு பாத்திரம் கழுவுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று முதலிலேயே சொன்னேனே. மறுநாள் பொடிசு எழுந்திருக்கவில்லை. பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதைப் பார்த்தபடி, முந்தின நாள் என்ன சமைத்தோம் என்று யோசித்தேன். பாத்திரத்தைத் தேய்க்கும்போது அடியில் ஒட்டியிருந்த மாவு விரலில் பிசுபிசுத்தது. புரிந்துவிட்டது.

நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு தவறுக்காக அவளைப் பயமுறுத்துவானேன் என்று இருந்துவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம், அடுக்களை அலமாரியில் இருந்த என் பாஸ்தா பாக்கெட்டை எடுத்து, இந்த அறையில் பட்டன் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் மறுபடியும் பூட்ஸை எடுத்தபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அது ஒரு கைவேலை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு எதையும் அளவாகச் செய்துதான் பழக்கம். ஒரு துணியைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் போட முடியாது, கொஞ்சம் குறைத்தால் தொளதொளவென்று நிற்கும். அவள் தெம்பாகிறாள் என்று தெரிந்தால் கோதுமை பாஸ்தாவை முதலில் வேகவிட்டு அள்ளிவிடுவேன். ரொம்பவும் துவண்டுவிட்டால் சில நாள் விட்டுவிடுவேன். அள்ளியதைச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை, கீழே டயர் கடை நாய்க்குப் போட்டேன். அந்த நாய் நன்றாகக் கொழுத்தது. ஒரே பாத்திரத்திலிருந்துதான் அவளுக்கும் எனக்கும் பரிமாறினேன். நான் சாப்பிடாத ஒன்றை அவளுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மாவுக்குக் குழப்பம். ரத்தத்தைப் பார்த்தால் கோதுமை உள்ளே போகிறது என்று தெரிகிறதாம், வழிதான் தெரியவில்லை.

"வீட்ல எங்கேயாவது கோதுமை கலக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நானும் அவ சாப்பிடறதையேதான் சாப்பிடறேன் டாக்டர். வீட்ல கோதுமைங்கிற பேச்சே கிடையாது" என்றேன். பையில் கொண்டுபோன அரிசி பாஸ்தா பாக்கெட்டுகளை மேஜைமேல் எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி ஓர் அக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பொடிசிடம் சொன்னார். பிறகு அவளைப் பார்த்துக் குரலை மாற்றினார்.

"வெளியில ஏதாவது ஒளிச்சுச் சாப்பிடறியாம்மா? பிஸ்கட், கேக்? என்கிட்ட மறைச்சா உனக்குத்தான் நஷ்டம்."

பொடிசு திருதிருவென்று விழித்தாள். "இல்ல டாக்டர். சத்தியமா இல்ல."

"விடுங்க டாக்டர், சின்னப் பொண்ணுதானே. நாக்கு கேட்டிருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான் தூக்கத்துல எழுந்து ஏதாவது சாப்பிடறேனா? நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை என்றால் அவளுக்கு வேறு யோசனைகள் வந்துவிடும். அதனால் "தெரியலையேம்மா, நானும் அசந்து தூங்கிடறேன்" என்றேன். அன்றே அடுக்களைக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, சாவியைத் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தாள். அதை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவள் தன்னைத்தானே நம்பாமல் போனது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னை நம்பினாள், அது போதும் என்று தோன்றியது.

இந்த நேரத்தில்தான் நெட்டையன் வந்தான். அவளோடு வேலை செய்கிறவன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், நிலைப்படியில் குனியாமல் நுழைய மாட்டான், குனிந்தாலும் இடித்துக்கொள்வான். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அப்புறம் ஆரஞ்சு இல்லாமலும் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கம்பெனிக் கதைகளைச் சொல்லி அவளைச் சிரிக்கவைப்பான். அவன் கால் மிஷின்வரை நீளும். நான் துணி எடுக்க ஒவ்வொரு தடவையும் அந்தக் காலைத் தாண்டிப் போக வேண்டும். பிடிக்காது என்று நான் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அவனுக்கும் ஒரு கிண்ணம் சூப் கொடுப்பேன்.

எனக்குக் கெட்ட நேரம், மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கை முழுக்கக் கட்டு. ஊசியும் பிடிக்க முடியாது, கரண்டியும் பிடிக்க முடியாது. "நீங்க உட்காருங்கக்கா, நான் சமைக்கிறேன்" என்று நெட்டையன் அடுக்களைக்குள் நுழைந்தான். சாவியை நானே கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காரட்டை போல்ட் மாதிரி தடித்தடியாக வெட்டினான். தக்காளி குழையும் முன்பே தண்ணீரை ஊற்றினான். அரிசி பாஸ்தாவை நேரே கொட்டி, விசில் அடித்துக்கொண்டே கிளறினான். சூப் கழுநீர் மாதிரி இருந்தது.

"என்னக்கா, அதே பாக்கெட், அதே காய். உங்க சூப் மாதிரி கெட்டியா வர மாட்டேங்குதே" என்று தலையைச் சொறிந்தான்.

"கைப்பக்குவம் தம்பி. ஒரு நாள்ல வருமா" என்றேன்.

"தண்ணியா இருந்தா என்ன, வயித்துக்கு இதமா இருக்கு" என்று பொடிசு இரண்டாவது கிண்ணம் கேட்டாள். நான் இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு அந்தச் சூப்பைக் குடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

என் எலும்பு கூடுவதற்குள் அவள் ஆளே மாறிவிட்டாள். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினாள். டாக்டரம்மா முகமெல்லாம் பல்லாக, "ஒளிச்சுச் சாப்பிடறத நிறுத்திட்டே போல" என்றார். பொடிசு மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நானேதான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன் போலக்கா. எனக்குத் தெரியாமலே. உன்னை இவ்வளவு நாள் படுத்தி எடுத்துட்டேன். மன்னிச்சிடு."

பரவாயில்லை என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த வாரமே கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். பேச்சு என்றா சொன்னேன், முடிவு. அவனுக்கு வேறு ஊரில் வேலை மாற்றம், அவளுக்கும் அதே ஊருக்குக் கம்பெனியில் கேட்டு மாற்றல் வாங்கிவிட்டான். அங்கே கட்டடங்கள் இன்னும் உயரமாம். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். "நீயும் எங்களோட வந்துடுக்கா" என்று இருவரும் கூப்பிட்டார்கள். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டு மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவன் விசிலைக் கேட்டுக்கொண்டு, அவன் சூப்பைக் குடித்துக்கொண்டு கிடக்க நான் என்ன வழியில்லாதவளா? மிஷினை விட்டு வர முடியாது என்றேன்.

கல்யாணம் முடிந்து புறப்படுகிற அன்று நெட்டையன் அடுக்களைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கேட்டான். "அக்கா, அந்தக் கெட்டி ரகசியத்தை எனக்குச் சொல்லிடுங்க. உங்க சூப்பை நெனச்சு அவ ஏங்கக் கூடாது. அங்க போனா நான் வெச்சுக் கொடுக்கணும்."

அவனே கேட்டான். நான் போய்த் திணிக்கவில்லை.

ஒரு கண்ணாடி ஜாடி கொடுத்தேன். ஏற்கெனவே தயாராக வைத்திருந்தேன். கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, மிளகும் காய்ந்த பூண்டும் தூக்கலாக இடித்துக் கலந்தது. மிளகு நெடியில் வேறு வாசனை எதுவும் தெரியாது. "அரிசியை வறுத்து அரைச்சது தம்பி, கூட மிளகு, பூண்டு. கொதி வந்ததும் ரெண்டு ஸ்பூன் போடுங்க. கட்டி தட்டாம கிளறணும்" என்றேன். அவன் அந்த ஜாடியைச் சட்டைத் துணிகளுக்கு நடுவில் பொத்திப் பொத்தி வைத்து எடுத்துப்போனான்.

நான் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. உடம்புக்கு வரும், வேலைக்குப் போக மாட்டாள், அவனால் பார்த்துக்கொள்ள முடியாது, என்னிடம் கொண்டுவந்து விடுவான். இங்கே எப்போதும் அப்படித்தான் நடந்தது, முடியவில்லை என்றால் படுத்துவிடுவாள். அவள் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். அவளுக்குப் பிடித்த நீலப் போர்வையைத் துவைத்து மடித்து வைத்தேன்.

போனில் பேசுவாள். "அக்கா, உன் பொடியைப் போட்டா அப்படியே நம்ம வீட்டுச் சூப்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன். தினமும் வேலைக்குப் போறேன்."

பொய். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது, எனக்கா தெரியாது. அவள் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜாடி தீர்ந்துவிட்டது என்று நெட்டையன் சொன்னபோது இன்னொன்று வறுத்து அனுப்பினேன். இந்தத் தடவை மூன்று ஸ்பூன் போடச் சொன்னேன்.

அவள் அவனிடமும் மறைத்திருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள், கன்னத்தில் ஏதோ சாயம் பூசிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சொன்னால் மறுபடியும் ஒளித்துச் சாப்பிடுகிறாள் என்று அவனும் நினைத்துவிடுவான் என்று பயந்தாளாம். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள், இப்போதுதான் அந்தப் பெண் சொல்கிறாள். ஏன் இப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் போய் அழைத்து வந்திருப்பேன். மறைத்தது அவள் செய்த தப்பு.

லிஃப்ட் பெட்டியின்மேல் நின்று, இடுப்புக் கயிற்றை ஒரு கம்பியிலிருந்து கழற்றி அடுத்த கம்பியில் மாட்டப்போனாளாம். அந்த இடைவெளியில் தலை சுற்றியிருக்கிறது. கூட வேலை செய்த வேறொரு பையன் சட்டையைப் பிடித்திருக்கிறான், கையில் தங்கவில்லை. உடம்பில் ரத்தமே ஊறவில்லை, குடலெல்லாம் அரித்துப்போயிருக்கிறது, இந்தப் பெண்ணை யார் மேலே ஏற்றியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம்.

நீங்கள் அடுத்து என்ன கேட்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே இருந்தபோது அவளைப் படுக்கவைத்தது அவள் ஏறாமல் இருப்பதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அவள் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே ஏன் அனுப்பினாய், மேலே நிற்கிறவளுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவில்லையா என்பீர்கள். நினைத்தேன். இரண்டாவது ஜாடிக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன். கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஒன்று, என்னிடம் திரும்பி வருவாள். இல்லையென்றால் விழுவாள். எது நடந்தாலும் அவனோடு உட்கார்ந்து அந்தக் கழுநீரைக் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்க மாட்டாள். இப்படித்தான் நினைத்தேன். மாவு அடிப்பிடித்துவிடும் போல இருந்தது, தீயைக் குறைத்துவிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தேன்.

நீங்கள் வந்தது என்னைப் பிடிக்க இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவள் எப்படிப்பட்ட பெண், என்ன சாப்பிடுவாள் என்று கேட்டுவிட்டுப் போக வந்தீர்கள். நெட்டையன் ஸ்டேஷனில் உங்கள் காலில் விழாத குறையாக அழுதானாம், நீங்கள்தானே சொன்னீர்கள். கடையில் மாவை மாற்றி வாங்கிவிட்டேன் போலிருக்கிறது, என் கையால் சமைத்துப் போட்டே அவளைக் கொன்றுவிட்டேன் என்றானாம். வீட்டில் இருந்த டப்பா எல்லாவற்றையும் சோதனைக்குக் கொடுத்தவன் நான் கொடுத்த ஜாடியை மட்டும் கொடுக்கவில்லையாம். அது அக்கா கொடுத்தது, அதில் ஒன்றும் இருக்காது, அவள் ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டானாம். நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படி இறங்கியிருப்பீர்கள். நான் அவ்வளவு அசடு இல்லை மேடம், இது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கையால் சாப்பிட்டாள், என் கையால் சாப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கிறானாம். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் அப்படி என்ன செய்துவிட்டான். காய் நறுக்கினான், தண்ணீர் ஊற்றினான், சொன்ன அளவுக்குப் பொடியைப் போட்டுக் கிளறினான். அதற்குப் பெயர் சமையலா. அவனை அனுப்பிவிடுங்கள், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வாய்வரை என் பொடிசுக்குச் சமைத்துப் போட்டது நான்தான்.